வெக்கையில் தேறும் பயிர் எது?

*அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரிக் காடுகளுக்கு வெப்பம் தாங்கும் விதை வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். எந்த நேரத்து வெப்பம், மண்ணில் ஈரம் இருக்கும்போதா இல்லாதபோதா என்று கேட்கும்போதுதான் விஷயம் புரிபடுகிறது.*

பங்குனி நடுவில் ஓர் உளுந்துக் காடு. கிணற்றில் கிடந்த தண்ணீரை நம்பி மாசியில் விதைத்தது. காலை ஆறரைக்குப் பார்த்தால் இலைகளுக்கு இடையில் கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ. செடி தெளிவாக இருக்கிறது. பதினோரு மணிக்கு இலைகள் நிமிர்ந்து, ஓரத்தை மட்டும் வெயிலுக்குக் காட்டி நிற்கின்றன. மறுநாள் காலையில் செடியடியில், வெடித்த கரிசல் மேல், நேற்றைய பூக்கள் உதிர்ந்து கிடக்கின்றன. ஒன்றை எடுத்து நகத்தால் கீறினால் உள்ளே பிஞ்சாக வேண்டிய பகுதி வற்றிச் சுருண்டிருக்கிறது. புழு துளைத்த அடையாளம் இல்லை. சாம்பல் நோய் இல்லை. மஞ்சள் தேமலும் இல்லை. மருந்துக் கடையில் போய் என்னவென்று சொல்லிக் கேட்பது?

பயறு என்றால் 'பூ தங்கல' என்பார்கள் இந்தப் பக்கத்துச் சம்சாரிகள். கதிர் என்றால் 'சாவியாப் போச்சு'. நெல்லோ சோளமோ, வெளியில் பார்க்கக் கதிர் நன்றாகத்தான் இருக்கும். கையில் பிடித்தால் கனமே இருக்காது.

இந்தப் பேச்சு இப்போது தேசியப் பேச்சாகிவிட்டது. 2022 மார்ச், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 122 ஆண்டுப் பதிவுகளில் மிக வெப்பமான மார்ச் மாதம். வடக்கே பால் பிடிக்கும் நேரத்தில் கோதுமை மணி சுருங்கியது. மே 13 அன்று மத்திய அரசு கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. 2024 ஆகஸ்ட் 11 அன்று பிரதமர் 61 பயிர்களில் 109 புதிய ரகங்களை வெளியிட்டபோது, 'பருவநிலையைத் தாங்குபவை' என்பதுதான் முதன்மையாகச் சொல்லப்பட்டது. அப்படிப்பட்ட ஒரு ரகம் நம்மூர்க் கரிசலுக்கு வந்தால் தேறுமா? அதை எங்கே, எப்படிச் சோதித்துப் பார்க்கிறார்கள்?

ஒரு மணி நேரம் போதும்

பயிருக்கு எல்லா நாளும் ஒன்றல்ல. இலை விடும் பருவத்தில் 40 டிகிரியைத் தாங்கி நிற்கிற செடி, பூக்கும் நாளில் அதைவிடக் குறைந்த வெப்பத்தில் தோற்றுப்போகும். காரணம் மகரந்தம். செடியின் மற்ற உயிரணுக்கள் வெப்பம் ஏறும்போது தம்மைக் காத்துக்கொள்ளச் சில புரதங்களை அவசரமாக உண்டாக்கும். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று அவற்றுக்குப் பெயர். மகரந்தத் தூளுக்கு அந்தத் திறன் குறைவு.

நெல்லில் இதைத் துல்லியமாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். எஸ்.வி.கே. ஜெகதீஷ் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பூ விரியும் நேரத்தில் 33.7 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் பட்டாலே அந்தப் பூ மலடாகிவிட வாய்ப்புண்டு. நெற்பூ முற்பகலில் விரிவது. ஒரு நாளின் சராசரி வெப்பநிலையை மட்டும் வைத்துக்கொண்டு பயிரின் கதியைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. குண்டாற்றை ஒட்டிய கண்மாய்ப் பாசனத்தில் நடவு பிந்தி, பூ மாசிக்குத் தள்ளிப்போகும் வயல்களுக்கு இது நேரடிச் செய்தி.

சோளத்தில் ஆபத்தான காலம் பூப்பதற்குச் சுமார் 10 நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும் நாட்கள் அவை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அப்போது கதிரே தெரியாது. கம்பில் கதை வேறு. கம்புக் கதிரில் சூல்முடி முதலில் நீட்டும், மகரந்தப்பை சில நாள் கழித்துத்தான் வரும். அந்த இடைவெளி முழுக்க சூல்முடி வெயிலில் காய வேண்டும். அதனால் கம்பில் பெண் பாகம்தான் முதலில் பழுதாகிறது என்று ஆய்வுகள் காட்டின. மகரந்தத்தை மட்டும் சோதித்து ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் கம்பில் ஏமாந்துபோவோம்.

பகலோடு முடிவதில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் 1979 முதல் 2003 வரை சேர்த்த வானிலைக் கணக்கை விளைச்சலோடு ஒப்பிட்டு ஷாவ்பிங் பெங் குழுவினர் 2004-ல் வெளியிட்டார்கள். இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைந்தது. பகலில் சேர்த்த மாவுச்சத்தைப் புழுக்கமான இரவில் செடியே செலவழித்துவிடுகிறது. மொட்டை மாடியில் படுத்தும் தூக்கம் வராத இரவுகள் கூடி வருவதை நம்மூரில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பயிருக்கும் அதே இரவுதான்.

பரீட்சை நடக்கும் விதம்

வெப்பத்தைத் தாங்கும் பயிரைப் பிரித்தெடுக்கும் வேலையை ஆய்வகத்தில் தொடங்குவதும் உண்டு, வயலில் தொடங்குவதும் உண்டு.

ஆய்வகத்தில் மிகப் பழைய சோதனை இலையை வைத்து நடப்பது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சல்லிவன் என்பவர் சோளத்துக்காக வகுத்தது. இலையிலிருந்து சிறு வட்டங்களை வெட்டி, கழுவி, காய்ச்சி வடித்த நீருள்ள சோதனைக் குழாயில் போடுகிறார்கள். குழாயைச் சூடான நீர்த்தொட்டியில் வைக்கிறார்கள். சூட்டில் உயிரணுவின் சவ்வு பழுதானால் உள்ளே இருக்கும் உப்புகள் நீருக்குள் கசியும். உப்பு கலந்தால் நீரின் மின் கடத்தும் திறன் ஏறும். மீட்டரில் அதைப் படிக்கிறார்கள். பிறகு அதே இலையை முழுதாகக் கொன்றுவிட்டு மறுபடி அளக்கிறார்கள். முதல் அளவு இரண்டாவதில் எத்தனை சதவீதம் என்பதுதான் மதிப்பெண். கசிவு குறைந்த ரகம் தேறியது. இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. வேளாண் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரே வாரத்தில் பல பத்து ரகங்களை அளந்துவிடலாம்.

பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்த முறையில், நாற்றுகளைப் படிப்படியாகச் சூடேற்றிப் பழக்குகிறார்கள். பிறகு சாகடிக்கும் அளவு வெப்பத்தில் வைத்து எடுத்து, எது மீண்டு எழுகிறது என்று பார்க்கிறார்கள். இயற்கையில் வெக்கை காலையிலிருந்து படிப்படியாகத்தான் ஏறுகிறது என்பதால் இந்தப் பழக்கும் படி முக்கியமானது. பழக்காமல் நேரே சூட்டில் போட்டால் நல்ல ரகமும் செத்துப்போகும்.

மகரந்தச் சோதனைதான் பார்க்கவே உருக்கமானது. சோளப்பூவின் மகரந்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தட்டி, ஒரு சொட்டு அயோடின் விட்டு நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். மாவுச்சத்து நிறைந்த உயிருள்ள தூள் உருண்டையாகக் கன்னங்கரேலென்று தெரியும். வெக்கை தின்ற தூள் வெளிறி, பக்கம் நசுங்கிக் கிடக்கும். அறுவடைக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே எத்தனை மணி பிடிக்கும் என்பது அந்தத் தகட்டில் தெரிந்துவிடுகிறது.

வயல் சோதனைக்குக் கையாளும் வழி மிக எளிமையானது. விதைக்கும் தேதியைத் தள்ளிப்போடுவதுதான். பூ சரியாகச் சித்திரை வெயிலில் வருமாறு கணக்குப் போட்டு விதைக்கிறார்கள். ஐதராபாத் அருகே பட்டஞ்செருவில் இருக்கும் இக்ரிசாட் நிறுவனம் இப்படிப் பிந்தி விதைத்துத்தான் வெப்பம் தாங்கும் கொண்டைக்கடலையைக் கண்டெடுத்தது. அதில் ஒன்றுதான் ஜே.ஜி. 14 என்ற பெயரில் இந்தியாவில் சாகுபடிக்கு வந்தது. கம்புக்குக் குஜராத், ராஜஸ்தான் கோடைக் காடுகளையே சோதனைக்கூடமாக்கினார்கள். பூக்கும் நேரத்தில் 42 டிகிரியைத் தாண்டியபோது பெரும்பாலான வரிசைகளில் மணி குறைந்தது, சில மட்டும் தாக்குப்பிடித்தன. அந்தச் சிலதான் அடுத்த தலைமுறை ரகங்களுக்குப் பெற்றோர்.

> பெட்டிச் செய்தி: தப்பித்தல் வேறு, தாங்குதல் வேறு
>
> 'வெப்பம் தாங்கும் ரகம்' என்ற ஒரே பெயருக்குள் மூன்று குணங்கள் இருக்கின்றன. குறுகிய வயது உள்ள ரகம் வெக்கை வருமுன் அறுவடைக்கு வந்துவிடும். இது தப்பித்தல். மானாவாரிக்கு 65–75 நாள் உளுந்தைச் சிபாரிசு செய்வதில் இந்தக் கணக்கும் அடக்கம். அடுத்தது தவிர்த்தல். *ஒரைசா அஃபிசினாலிஸ்* என்ற காட்டு நெல்லிலிருந்து, விடிந்ததும் பூ விரியும் குணத்தைச் சாகுபடி நெல்லுக்கு மாற்றியிருக்கிறார்கள். வெயில் ஏறுமுன் அதன் வேலை முடிந்துவிடும். வெக்கை நேரடியாகப் பட்டும் மணி பிடிப்பதுதான் உண்மையான தாங்குதல். உத்தரப் பிரதேசத்தின் நகினாவில் தேர்ந்தெடுத்த என்-22 என்ற பழைய நெல் ரகத்தை, இந்தக் குணத்துக்காக உலகமெங்கும் ஒப்பீட்டுக்கு வைக்கிறார்கள்.

நீர் பாய்ச்சிய திடலும் பாய்ச்சாத காடும்

மேலே சொன்ன கோடைச் சோதனைகள் பெரும்பாலும் தண்ணீர் பாய்ச்சி நடப்பவை. அப்படித்தான் நடத்தவும் முடியும். பாய்ச்சாவிட்டால் பயிர் வறட்சியில் வாடியதா, வெப்பத்தில் வாடியதா என்று பிரிக்க முடியாமல் போகும். அறிவியலுக்கு அந்தப் பிரிவினை தேவை.

ஆனால் திருச்சுழிக் காட்டில் அப்படிப் பிரிந்து எதுவும் வருவதில்லை.

மண்ணில் ஈரம் இருக்கும்வரை செடி இலைத்துளைகள் வழியாக நீராவியை விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். அப்போது இலையின் சூடு காற்றின் சூட்டைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அந்த வகை அகச்சிவப்பு வெப்பமானியைப் பயிரின் மேல் காட்டினால் இது தெரிந்துவிடும். ஈரம் வற்றியதும் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. குளிர்விக்கும் வழி அடைபட்டுவிடுவதால் இலை காற்றைவிடச் சூடாகிறது. வானிலை அறிக்கையில் 36 டிகிரி என்று இருக்கும் நாளில், வாடும் பயிரின் இலை 40-ஐத் தொடலாம்.

நீர் பாய்ச்சிய திடலில் முதல் மதிப்பெண் வாங்கும் ரகம், நிறைய நீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம். பம்புசெட் உள்ள கோடைப் பருத்திக்கு அது வரம். அதே ரகத்தை மார்கழியோடு மழை நின்றுபோன மானாவாரிக் காட்டில் விதைத்தால், இருக்கிற ஈரத்தையும் முன்கூட்டியே குடித்துத் தீர்த்துவிட்டு, பூக்கும் நேரத்தில் கை விரித்துவிடும். எனவே, வெளியில் தேறிய ரகம் என்பதற்காக அதை நேரே இங்கே கொண்டுவந்து விற்கக் கூடாது. கரிசலில், மானாவாரியில், நம் மழைக் கணக்கில் அது மறுபடி பரீட்சை எழுத வேண்டும்.

2025-ல் இக்ரிசாட் அறிவித்த ஐ.சி.பி.வி. 25444 என்ற துவரை ரகத்தை எடுத்துக்கொள்வோம். 45 டிகிரி வரை தாங்கும், 125 நாளில் விளையும், கோடையிலும் பயிரிடலாம் என்கிறார்கள். செயற்கை விளக்கொளியில் தலைமுறைகளை வேகமாக வளர்த்தெடுக்கும் முறையில் உருவாக்கியது. துவரையில் இது பெரிய சாதனை, சந்தேகமில்லை. சோதித்த மாநிலங்கள் கர்நாடகம், ஒடிசா, தெலங்கானா. இந்தப் பட்டியலில் தமிழ்நாட்டுக் கரிசல் சேர வேண்டாமா?

இடம் இல்லாமல் இல்லை. கோவில்பட்டியில் 1901 முதல் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கென்றே சோளமும் பருத்தியும் தந்திருக்கிறது. அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏ.பி.கே. என்ற முன்னெழுத்துள்ள துவரை, உளுந்து, வரகு ரகங்கள் இந்த மண்ணிலிருந்து போனவைதாம். வெப்பத்தையும் வறட்சியையும் சேர்த்துச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான நிலம் பல்கலைக்கழகத்துக்கு எங்கே கிடைக்கும்?

மண்ணே சுடும்போது

பூவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் விதையை மறந்துவிடுவோம். இந்த வட்டாரத்து மானாவாரி, வடகிழக்குப் பருவமழையை நம்பியது. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடும் பழக்கத்தை ஆராய்ச்சி நிலையங்களும் சிபாரிசு செய்கின்றன. அது புரட்டாசி. வெறும் கரிசலின் மேல்பரப்பு உச்சி வெயிலில் 50 டிகிரியைத் தாண்டும். முதல் மழை பெய்து முளை வந்ததும் ஒரு வாரம் வானம் வெளுத்துவிட்டால், தரையைத் தொடும் இடத்தில் குருத்துத் தண்டு வெந்து மடிகிறது. 'முளைப்பு சரியில்லை, விதை சொத்தை' என்று பழி விதைக்குப் போகும்.

சோளம், கம்பு நாற்றுகள் சூடான மண்ணிலிருந்து முளைத்து வருமா என்று சோதிக்கும் ஆய்வக முறையை சோமனும் பீகாக்கும் 1985-லேயே வெளியிட்டுவிட்டார்கள். நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. இன்று நாம் வாங்கும் விதைப் பையில் முளைப்புத்திறன் சதவீதம் அச்சாகியிருக்கிறது. அது இதமான வெப்பத்தில், ஈரமான ஊடகத்தில் எடுத்த கணக்கு. சூடான கரிசலில் எத்தனை சதவீதம் என்று எந்தப் பையிலும் இல்லை.

விதையைக் கடினப்படுத்துவது கைக்கெட்டிய உடனடி வழி. சோள விதையை 2 சதவீத பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைக்கச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். பயறுக்குப் பூக்கும் பருவத்தில் ஏக்கருக்கு 2 கிலோ 'பயறு ஒண்டர்' என்ற பயிர் ஊக்கியைத் தெளித்தால் பூ உதிர்வது குறைகிறது. இவை கைத்தாங்கல். ரகமே தாங்காவிட்டால் தெளிப்பு மட்டும் எவ்வளவுதான் தூக்கிவிடும்?

கதிர் பொய்த்தால் தட்டை

ரகத் தேர்வில் ஆராய்ச்சியாளர் எடை போடுவது பெரும்பாலும் மணியை. சம்சாரி எடை போடுவது மணியையும் தட்டையையும். சோளம் சாவியானாலும் தட்டை மாட்டுக்கு ஆகும். வேம்பூர் ஆடும் நாட்டு மாடும் வைத்திருக்கிற குடும்பத்துக்கு அதுவே ஒரு வருடத்தை ஓட்டும். இறுங்குச் சோளம் போன்ற உயரமான நாட்டு ரகங்களை இன்னும் சிலர் விடாமல் விதைப்பதற்குக் காரணம் இதுதான். குட்டையாக, வேகமாக, மணியை மட்டும் குறிவைத்து வளரும் ரகம் வெக்கை ஆண்டில் பொய்த்தால் மணியும் இல்லை, தட்டையும் இல்லை. வெப்பச் சோதனையின் மதிப்பெண் பட்டியலில் தட்டைக்கு ஒரு கட்டம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாட்டுச் சோளம், கருங்கண்ணிப் பருத்தி, குதிரைவாலி ஆகியவை ஒப்பீட்டு வரிசையில் இல்லாமல் நடக்கும் சோதனை இந்த வட்டாரத்துக்கு அரைச் சோதனைதான்.

பருத்தியில் இழப்பு இன்னும் கண்கூடு. வெக்கையில் சப்பையும் பூவும் உதிர்கின்றன, தங்கிய காய்கள் சிறுத்து வெடிக்கின்றன. 2002-ல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி காய்ப்புழுவுக்கு எதிராக வந்தது. வெக்கைக்கு அதில் எந்தக் கவசமும் சேர்க்கப்படவில்லை. விலை கூடிய விதை, உரம், களையெடுப்பு எல்லாம் போட்டபின் சப்பை உதிரும்போது நஷ்டம் பல மடங்கு வலிக்கிறது.

தொடர்ந்து இரண்டு, மூன்று பட்டம் பொய்த்தால் காடு தரிசாகிறது, சீமைக்கருவேலம் ஏறுகிறது. ஆட்கள் அருப்புக்கோட்டை நூற்பாலைகளுக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். பக்கத்துக் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. விளையாத நிலத்தைக் கேட்டு வரும் முதல் ஆளுக்குக் கொடுத்துவிடும் மனநிலைக்குச் சம்சாரி வந்துவிட்டால், பிறகு எத்தனை நல்ல ரகம் வந்தும் அதை விதைக்க நிலம் இருக்காது.

நஷ்டம் யார் கணக்கில்?

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் வந்தது. ரபி பருவப் பயிருக்கு விவசாயியின் பங்கு 1.5 சதவீதம், காரீப் பருவத்துக்கு 2, பருத்தி போன்ற வணிகப் பயிருக்கு 5. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, நீரில் மூழ்குதல், மேகவெடிப்பு, இயற்கைத் தீ இவற்றுக்குத் தனிக் காட்டுக்கே இழப்பு கேட்கலாம். வெக்கைக்கு அப்படிக் கேட்க முடியாது. அறுவடைச் சோதனையில் கிராமத்தின் அல்லது பிர்காவின் மொத்தச் சராசரி குறைந்தால்தான் பணம் வரும். மழையைத் தொடர்ந்து பத்து நாள் முன்பின்னாக விதைப்பது மானாவாரியின் இயல்பு. ஒருவர் காடு வெக்கை வாரத்தில் பூக்கும், பக்கத்துக் காடு தப்பிவிடும். சராசரியில் முதலாமவரின் இழப்பு கரைந்துபோகிறது. பூக்கும் வாரத்து வெப்பநிலையைத் தூண்டுகோலாக வைத்துத் தொகை வழங்கும் வானிலை சார்ந்த காப்பீட்டு முறையை உளுந்துக்கும் சோளத்துக்கும் இங்கே நடைமுறைக்குக் கொண்டுவருவது நியாயமான கோரிக்கை. எந்தப் பயிர் எத்தனை டிகிரியில் பூ உதிர்க்கிறது என்ற உள்ளூர் அளவு இருந்தால்தான் அந்தத் தூண்டுகோலை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய முடியும். பரீட்சையின் பயன் விதையோடு முடிவதில்லை.

> பெட்டிச் செய்தி: விதைக் கடையில் கேளுங்கள்
>
> 'வெயில் தாங்கும்' என்று சொல்லி விதை விற்றால் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. எந்தப் பருவத்தில் தாங்கும், முளைக்கும்போதா பூக்கும்போதா? எத்தனை டிகிரியில் சோதித்தார்கள்? தண்ணீர் பாய்ச்சியா, பாய்ச்சாமலா? எந்த ஊரில்? கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் உதவி வேளாண்மை அலுவலரிடமோ, கோவிலாங்குளம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ ரகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். விதைப் பையையும் ரசீதையும் அறுவடை முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

விதை வந்து சேரும் பாதை

தமிழ்நாட்டில் ஒரு ரகம் ஆராய்ச்சி நிலையத் திடலில் தேறி, பல இட ஆய்வுக்குப் போய், பிறகு விவசாயிகள் காட்டிலேயே வேளாண்மைத் துறை நடத்தும் தகவமைப்பு ஆய்வுத் திடலுக்கு வந்து, அதன்பின்தான் வெளியீட்டுக் குழுவுக்குப் போகிறது. அதன் பிறகும் வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று பெருக்க வேண்டும். வெக்கை இப்போதே அடிக்கிறது, விதை வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும். எனவே புதிதாக உருவாக்கும்வரை காத்திருக்காமல், ஏற்கெனவே கோவை இராமையா மரபணு வங்கியிலும் பிற வங்கிகளிலும் உறங்கும் நாட்டு ரகங்களை எடுத்துக் கரிசலில் விதைத்துப் பார்ப்பதுதான் குறுக்கு வழி.

அதற்கு நான் வைக்கும் திட்டம் இது. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி ஒன்றியங்களில் ஆளுக்கொரு ஏக்கர் தரும் சில சம்சாரிகள். பயிருக்கு மூன்று விதைப்புத் தேதிகள். பாதித் திடலுக்குத் தண்ணீர், பாதிக்கு வானம் மட்டும். வரப்போரத்தில் பகலும் இரவும் வெப்பத்தைத் தானாகப் பதியும் ஒரு கருவி. பூத்த தேதி, தங்கிய காய், மணி எடை, தட்டை எடை ஆகியவை ஒரே நோட்டில். காலையில் பூவைப் பார்க்கும் வேலையைக் களையெடுக்கும் பெண்களிடமே கூலியோடு ஒப்படைக்கலாம். எந்தச் செடி பூவைப் பிடித்து வைத்திருக்கிறது என்று வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்தான். அந்த நோட்டின் கணக்கு அடுத்த புரட்டாசிக்கு முன்பே வேளாண்மை விரிவாக்க மையத்தின் பலகையில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். தேறாத ரகங்களின் பெயர்களும் அதில் இருக்க வேண்டும்.